மிச்சம் எத்தனை? – சுபாங் ஜெயாவில் ஆற்றிய சொற்பொழிவு



தமிழ்க் கூட்டம் என்றால் இலக்கியம் பேசுவோம், சமயம் பேசுவோம், மொழியின் எதிர்காலம் பேசுவோம். இன்று நான் கணிதம் பேச வந்திருக்கிறேன். தேர்வுக்கு வரும் கணிதம் கூட அல்ல. உலகத்தில் சில நூறு பேர் மட்டுமே நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும் கணிதம். உள்ளூர்க் களங்களின் மேல் அமைந்த இயற்கணித வடிவங்களில் புள்ளிக்கணக்குக் குலங்கள் முடிவுறுமா, முடிவுறாதா என்பதுதான் பொருள். தலைப்பைக் கேட்டு யாரும் எழுந்து போய்விடாதீர்கள். அந்த நீண்ட தலைப்பு கேட்பது ஒரே ஒரு கேள்வியைத்தான்: மிச்சம் எத்தனை?

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 555 புத்தகம் நினைவிருக்கும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். எங்கள் தோட்டத்து மளிகைக் கடையில் அந்தப் புத்தகங்கள் வரிசையாக ஆணியில் தொங்கும். வீட்டுக்கு ஒரு புத்தகம். அரிசி வாங்கினால் ஒரு வரி, சீனி வாங்கினால் ஒரு வரி, சம்பள நாளில் அப்பா காசு கொடுத்தால் எதிர்ப்பக்கத்தில் ஒரு வரி. பற்றும் வரவும் அடிபட்டுப் போன பின்னால் கடைசியில் என்ன நிற்கிறது? அம்மாவுக்கு அந்த மிச்சம் மட்டும்தான் தேவை.

அந்தப் புத்தகத்தை இப்போது கணிதத்துக்குள் எடுத்துக்கொண்டு போவோம். வீடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள். ஒரு வளைகோடோ கோளமோ இருக்கிறது. அதன் மேல் சில புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். இந்தப் புள்ளியில் இரண்டு வரவு, அந்தப் புள்ளியில் மூன்று பற்று, இன்னொன்றில் ஒரு வரவு என்று எழுதுகிறீர்கள். அவ்வளவுதான்! கணித உலகம் இதை ஜீரோ-சைக்கிள் என்கிறது. நான் இன்று இந்த மன்றத்தில் புள்ளிக்கணக்கு என்றே சொல்லப்போகிறேன். இரண்டு கணக்குகளைக் கூட்டலாம். ஒரு கணக்கைப் புரட்டி வரவைப் பற்றாக்கலாம். ஒன்றுமே எழுதாத வெற்றுப் பக்கமும் ஒரு கணக்குதான். இப்படிக் கூட்டவும் புரட்டவும் முடிகிற தொகுதியைக் குலம் என்று பாடநூல் சொல்லும்.

எப்போது ஒரு கணக்கு அடிபட்டுப் போகும்? இதற்கு ஒரு விதி உண்டு. வடிவத்தின் மேல் கிடக்கும் ஒரு வளைகோட்டில் ஒரு சார்பு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சார்பு பூச்சியமாகும் இடங்களை வரவில் எழுதுங்கள். அது எல்லையற்றுப் போகும் இடங்களைப் பற்றில் எழுதுங்கள். இப்படி ஒரு சார்பால் பிறக்கும் கணக்கு தீர்ந்த கணக்கு. அதற்குக் கோடு கிழித்துவிடலாம். நேர்கோடு ஒன்றில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், ஒன்றில் பூச்சியமாகி மற்றொன்றில் எல்லையற்றுப் போகும் சார்பு கிடைத்துவிடும். ஆகவே நேர்கோட்டில் மொத்தத் தொகை பூச்சியமான கணக்கு எல்லாமே தீர்ந்துவிடும். ஆனால் வடிவம் கொஞ்சம் சிக்கலானால்? தொகை பூச்சியமாக இருந்தும் தீர மறுக்கும் கணக்குகள் தலைகாட்டும். அவை எத்தனை வகை? பத்தா, நூறா, முடிவே இல்லையா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். கையைப் பிடித்து அழைத்துப் போவது போல மெதுவாகவே சொல்கிறேன். ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழியுங்கள். வரும் விடை இன்னோர் எண்ணின் வர்க்கமாக இருக்கட்டும். இதை வரைபடத் தாளில் வரைந்தால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்று மூடிய முட்டை வளையம். இன்னொன்று வலப்பக்கம் திறந்து ஓடும் கிளை. இப்போது இந்தக் கோட்டில் ஏதாவது ஒரு சார்பை ஓடவிட்டு, முட்டை வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிறவர் போல நடங்கள். சார்பின் மதிப்பு கூட்டலில் தொடங்குகிறது. பூச்சியத்தையோ எல்லையின்மையையோ கடக்கும்போது கழித்தலுக்கு மாறுகிறது. மறுபடி கடந்தால் கூட்டலுக்குத் திரும்புகிறது. சுற்றி முடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். தொடங்கியது கூட்டல் என்றால் முடிவதும் கூட்டலாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் மாறிய தடவைகள் இரட்டைப்படை. வாசலை ஒற்றைப்படைத் தடவை தாண்டியவர் வெளியில் நிற்பார், இரட்டைப்படைத் தடவை தாண்டியவர் வீட்டுக்குள் இருப்பார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சார்பு எதுவாக இருந்தாலும், முட்டை வளையத்தின் மேல் அது எழுதும் வரவு-பற்று இரட்டைப்படையாகத்தான் இருக்கும். எனவே வளையத்தின் மேல் ஒரு புள்ளி வரவு, கிளையின் மேல் ஒரு புள்ளி பற்று என்று எழுதினால், தொகை பூச்சியம். ஆனாலும் அந்தக் கணக்கு ஒருநாளும் தீராது. எத்தனை கோடிச் சார்புகளைக் கொண்டு வந்தாலும் தீராது. இதைக் காட்ட நாம் கோடிச் சார்புகளையும் சோதித்தோமா? ஒரு சுற்றுத்தான் நடந்தோம்.

மெய்யெண்களின் மேல் அமைந்த எல்லா வடிவங்களுக்கும் இதை 1981-இல் கோலியோ-தெலேன், இஷெபெக் என்ற இருவர் முழுமையாக நிறுவினார்கள். தொகை பூச்சியமான கணக்குகளின் குலத்தில் இரண்டு பகுதி உண்டு. ஒரு பகுதி தண்ணீர் மாதிரி. பாதியாக்கலாம், மூன்றில் ஒன்றாக்கலாம், எந்தப் பங்காகவும் பிரிக்கலாம், தடையே இல்லை. இன்னொரு பகுதி கூழாங்கல் மாதிரி. பிளக்காது, எண்ணிப் பார்க்கலாம். வடிவம் எத்தனை துண்டாக இருக்கிறதோ அந்தத் துண்டுகளின் எண்ணிக்கைதான் கூழாங்கற்களைத் தீர்மானிக்கிறது. முடிவற்ற கணக்குகளுக்கு நடுவே முடிவுறு கூழாங்கற்கள். தண்ணீரையும் கல்லையும் மறந்துவிடாதீர்கள், நண்பர்களே, மறுபடி தேவைப்படும்.

மெய்யெண்களை விட்டு இப்போது வேறோர் எண்ணுலகத்துக்குப் போவோம். 1897-இல் ஜெர்மானியக் கணிதர் கூர்ட் ஹென்சல் தொடங்கிவைத்த உலகம் அது. அங்கே தூரத்தை அளக்கும் விதமே வேறு. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 7 என்று வைப்போம். இரண்டு எண்களின் வித்தியாசம் 7-ஆல் அதிகத் தடவை வகுபட்டால் அவை அருகில் இருக்கின்றன. 3-க்கும் 4-க்கும் தூரம் அதிகம். 3-க்கும் 346-க்கும் தூரம் மிகக் குறைவு. வித்தியாசம் 343, அதாவது மூன்று ஏழுகளின் பெருக்கல். விந்தையாக இருக்கிறதா? நம் வாழ்க்கையில் இது புதிதல்ல. சுபாங் ஜெயாவில் பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர்கூடத் தெரியாமல் கடந்து போகிறோம். பினாங்கிலிருக்கும் தாய்மாமனை அருகில் என்று உணர்கிறோம். எதை வைத்து அளக்கிறோமோ அதைப் பொறுத்ததுதான் நெருக்கம்.

அந்த உலகத்தில் 2-க்கு வர்க்கமூலம் உண்டு. தேடிப் பார்ப்போமா? 3-இன் வர்க்கம் 9. 2-இலிருந்து 7 தள்ளி நிற்கிறது. 10-இன் வர்க்கம் 100. 98 தள்ளி, அதாவது 49-இன் மடங்கு. 108-இன் வர்க்கம் 11,664. 11,662 தள்ளி, அது 343-இன் மடங்கு. 3, 10, 108 என்று ஒவ்வோர் அடியாக 2-இன் வர்க்கமூலத்தை நெருங்கிக்கொண்டே போகிறோம். ஆனால் 3-க்கு அங்கே வர்க்கமூலம் கிடையாது. 7-ஆல் வகுத்தால் மீதி 1, 2, 4 என்று வருகிற எண்களுக்கு உண்டு. மீதி 3, 5, 6 வருகிறவற்றுக்கு இல்லை. கடைசி மீதி ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது! பிறகு 7 எத்தனை தடவை பெருகியிருக்கிறது, ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் போதும். வர்க்கத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்த உலகத்தின் முடிவற்ற எண்கள் அனைத்தும் நான்கே நான்கு பெட்டிகளில் அடங்கிவிடுகின்றன. நம் சாதாரணப் பின்னங்களின் உலகத்திலோ 2, 3, 5, 7, 11 என்று பகா எண் ஒவ்வொன்றும் தனிப் பெட்டி கேட்கும். பெட்டிகளுக்கு முடிவே இராது. இந்த அடக்கம்தான் உள்ளூர்க் களம் என்று அழைக்கப்படும் அந்த உலகத்தின் குணம். எனவே அங்கே புள்ளிக்கணக்கு எழுதினால் மிச்சமும் அடக்கமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயற்கைதானே?

எதிர்பார்ப்பது இயற்கை. நிறுவுவது? அங்கேதான் நம் கதை மயிலாடுதுறைக்குப் போகிறது.

நம்மில் பலருடைய பாட்டன்மார் தஞ்சைப் பகுதியிலிருந்து நாகப்பட்டினம் வந்து, ராஜுலா கப்பல் ஏறி, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர்கள். அதே காவிரிக் கரையில் மயிலாடுதுறையில் 1948-இல் பிறந்தவர் ராமன் பரிமளா. சென்னையில் சாரதா வித்யாலயா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. பிறகு மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1976-இல் முனைவர் பட்டம். அந்த ஆண்டிலேயே, செர் என்ற பிரெஞ்சு மேதை எழுப்பிய புகழ்பெற்ற கேள்வியின் இருபடி வடிவம் பொய்த்துப்போகிறது என்று காட்டிக் கணித உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 1987-இல் பட்நாகர் விருது. 2005-இல் அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2010-இல் உலகக் கணிதர் மாநாடு ஹைதராபாத்தில் கூடியபோது, முழு அவையின் முன் உரையாற்ற அழைக்கப்பட்ட சிலரில் ஒருவர். நம் பிள்ளைகளுக்கு ராமானுஜனைத் தெரியும். பரிமளாவின் பெயரை எத்தனை பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்? இந்த மன்றத்தில் கை தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்? இது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தரும் விஷயம்.

ராமானுஜன் வளர்ந்தது கும்பகோணம். பரிமளா பிறந்தது அடுத்திருக்கும் மயிலாடுதுறை. இருவரையும் இணைப்பது காவிரி மட்டுமில்லை. இருபடி வடிவம் என்ற ஒரே பொருள் இருவருக்கும் கைவந்தது. ஒரு வர்க்கத்தோடு இன்னொரு வர்க்கத்தின் இரு மடங்கு, மற்றொன்றின் ஐந்து மடங்கு என்று கூட்டிக்கொண்டு போவதுதான் இருபடி வடிவம். எல்லா இயல் எண்களையும் தரக்கூடிய நான்கு-மாறி வடிவங்கள் 55 என்று 1917-இல் ராமானுஜன் பட்டியலிட்டார். அதில் 1, 2, 5, 5 என்ற கெழுக்கள் உள்ள வடிவம் மட்டும் 15 என்ற எண்ணைத் தராது என்று பின்னால் டிக்சன் என்ற கணிதர் கண்டார். மற்ற 54-உம் நின்றன. அந்த மேதைக்குக்கூட ஒரு 15 கையை விட்டு நழுவியிருக்கிறது. நிரூபணம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு நான் இந்த 15-ஐத்தான் காட்டுவேன்.

பரிமளாவின் கேள்விக்கு வருவோம். துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பூக்கடையில் நின்று மாலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நார் ஒன்று, அதன் மேல் வரிசையாகப் பூக்கள். கணிதத்தில் நார் என்பது ஒரு வளைகோடு. நாரின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பூ, அதாவது ஓர் இருபடி வடிவத்தால் பிறக்கும் பரப்பு. சில இடங்களில் பூ நசுங்கியிருக்கும். அப்படிப்பட்ட இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. இப்போது மாலையின் மேல் ஒரு புள்ளிக்கணக்கு எழுதுகிறோம். பூவில் வைத்த ஒவ்வொரு குறியையும் நேர்கீழே நாரில் இறக்குங்கள். நாரில் கணக்கு தீர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையில் தீர்ந்ததா? தீராமல் நிற்பவை எத்தனை வகை?

பரிமளாவும் அவருடைய இணை ஆய்வாளர் வெனபள்ளி சுரேஷும் 1995-இல் வெளியிட்ட ஆய்வுரையின் தலைப்பிலேயே முடிவுறு தேற்றங்கள் என்ற சொல் இருக்கிறது. ஒற்றைப்படைப் பகா எண்ணின் உள்ளூர்க் களத்தில், அப்படிப்பட்ட மாலைகளில் மிச்சம் முடிவுறும் என்று அவர்கள் நிறுவினார்கள்.

எப்படி நிறுவுகிறார்கள்? முழுவதையும் இங்கே சொல்ல இயலாது. ஆனால் ஒரு பகுதியைச் சொல்லாமல் நான் இறங்கிப் போக மாட்டேன். அவ்வளவு அழகான பகுதி அது.

முதலில் நாரை மறந்துவிட்டு, உள்ளூர்க் களத்தை மட்டும் பாருங்கள். ஐந்து வர்க்கங்களைக் கெழுக்களோடு கூட்டினால், எல்லா மாறிகளையும் பூச்சியமாக்காமலே மொத்தத்தைப் பூச்சியமாக்க முடியுமா? முடியும். ஐந்து கெழுக்களையும், 7 ஒற்றைப்படைத் தடவை வருபவை ஒரு பை, இரட்டைப்படைத் தடவை வருபவை இன்னொரு பை என்று பிரியுங்கள். ஐந்து காசை இரண்டு பையில் போட்டால் ஒரு பையிலாவது மூன்று காசு விழுந்தே தீரும். மூன்று வர்க்கங்கள் இருந்தால் 7-ஆல் வகுத்த மீதிகளின் உலகத்தில் பூச்சியம் கிடைத்துவிடும். 3, 10, 108 என்று ஏறினோமே, அதே ஏணியில் ஏறி அந்தப் பூச்சியத்தை மேலே கொண்டு போய்விடலாம். நான்கு வர்க்கங்களிலோ தப்பித்துக்கொள்ளும் வடிவம் உண்டு. பைக்கு இரண்டாகப் பிரித்து வைக்கலாம் அல்லவா? ஆகவே தப்பிக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணிக்கை, அதாவது எல்லை எண், அங்கே 4.

நாரின் மேல் ஓடும் சார்புகளையே எண்களாகக் கொண்டால்? எல்லை எண் இரட்டிப்பாகி 8 ஆகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1990-களின் பிற்பகுதி வரை, அப்படி ஓர் எல்லை உண்டு என்பதற்கே நிரூபணம் இல்லை. பிறகு மெர்க்கூர்யெவ் என்ற கணிதர் ஓர் எல்லையைக் காட்டினார். ஹாஃப்மனும் வான் ஹேலும் 22-க்கு இறக்கினார்கள். 1998-இல் பரிமளாவும் சுரேஷும் 10-க்கு இறக்கினார்கள். 10-இலிருந்து 8-க்கு இரண்டே படிதான். அந்த இரண்டு படி இறங்கப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. 2010-இல் அவர்கள் இருவருமே 8 என்று நிறுவினார்கள். 2 என்ற பகா எண்ணுக்கு வேறு வழியில் பின்னர் விடை வந்தது.

8 கையில் இருந்தால் மாலைக்கு என்ன லாபம்? கோலியோ-தெலேனும் ஸ்கொரொபொகாதோவ் என்ற இன்னொரு கணிதரும் 1993-இல் ஒரு திறவுகோல் தந்திருந்தார்கள். நாரின் மேல் ஓடும் ஒவ்வொரு சார்பையும், பூவின் சமன்பாடு தரும் இரண்டு மதிப்புகளின் விகிதமாக எழுத முடிந்தால் மாலையில் மிச்சமே இல்லை. சரி, பூவின் சமன்பாட்டில் ஐந்து வர்க்கங்கள் என்று வைப்போம். உங்களுக்கு விருப்பமான ஒரு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தை ஒரு பக்கம் எழுதுங்கள். அதே ஐந்தை உங்கள் சார்பால் பெருக்கிக் கழித்தல் குறியோடு பக்கத்தில் எழுதுங்கள். ஐந்தும் ஐந்தும் பத்து. பத்து எட்டைவிடப் பெரியது. பெரியதென்றால் பூச்சியம் கிடைத்தே ஆக வேண்டும். பூச்சியம் கிடைத்தால் என்ன அர்த்தம்? முதல் ஐந்தின் மதிப்பு, உங்கள் சார்பால் பெருக்கிய இரண்டாம் ஐந்தின் மதிப்புக்குச் சமம். அப்படியானால் உங்கள் சார்பு அந்த இரண்டு மதிப்புகளின் விகிதம்! (அந்த மதிப்புகளே பூச்சியமாகிவிட்டால் வேலை இன்னும் எளிது.) மாலையில் மிச்சம் எதுவும் இல்லை. முடிவற்ற புள்ளிகள், முடிவற்ற சார்புகள், முடிவற்ற கணக்குகள். அத்தனையும் தீர்ந்தது, பத்து எட்டைவிடப் பெரியது என்பதால்!

முன்வரிசை மாணவர்களே, இந்த ஒரு பத்தியை வீட்டுக்குப் போய்த் தாளில் எழுதிப் பாருங்கள். உங்களுக்குத் தேவையானது பென்சிலும் பொறுமையும் மட்டும்தான்.

எல்லா வடிவங்களும் மாலை போல இருப்பதில்லை. பொதுவான வடிவங்களுக்கு என்ன நிலை? மிச்சம் எப்போதும் அடங்கியிருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். கலப்பெண்களின் உலகத்தில், சில பரப்புகளின் மிச்சம் எந்த முடிவுறு அளவிலும் அடங்காத பெருவெள்ளம் என்று 1968-இல் மம்ஃபோர்டு என்ற கணிதர் காட்டினார். உள்ளூர்க் களத்திலும் எச்சரிக்கை உண்டு. சில தடவை கூட்டினால் தானே தீர்ந்துவிடும் கணக்குகளே முடிவற்று இருக்கும் பரப்புகளை அசாகுரா, ஷூஜி சைட்டோ என்ற இரு கணிதர்கள் 2007-இல் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் என்னதான் உண்மை? தண்ணீரையும் கூழாங்கல்லையும் நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 2010-இல் சைட்டோவும் சாட்டோ என்ற இன்னொரு கணிதரும் வெளியிட்ட தேற்றம் அங்கேதான் வந்து நிற்கிறது. களத்தின் பகா எண் 7 என்றால், 7-ஐ மட்டும் ஒதுக்கி வையுங்கள். மற்றப் பகா எண்களைப் பொறுத்தவரை, தொகை பூச்சியமான புள்ளிக்கணக்குகளின் குலம் இரண்டாகப் பிரிகிறது: தாராளமாகப் பங்கிடத்தக்க தண்ணீர் ஒரு பக்கம், முடிவுறு கூழாங்கற்கள் ஒரு பக்கம். அசாகுராவும் சைட்டோவும் கண்ட முடிவின்மை தண்ணீருக்குள் கரைந்து கிடக்கிறது, கற்கள் எண்ணத்தக்கவையே. கோலியோ-தெலேன் பல ஆண்டுகளுக்கு முன் ஊகித்த வழியில் எடுத்துவைக்கப்பட்ட பெரிய அடி இது. இந்தத் தேற்றமும், பரிமளா-சுரேஷின் 8 என்ற தேற்றமும் வெளிவந்தது ஒரே இதழில், அதன் ஒரே தொகுதியில்: அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ், 172-ஆம் தொகுதி. அந்தத் தொகுதியை எடுத்துப் பக்கம் புரட்டினால் மயிலாடுதுறைக்காரர் பெயருக்கு இருநூறு பக்கம் தள்ளி ஜப்பானியர் இருவர் பெயர் வரும்.

ஒதுக்கி வைத்த 7 என்ன ஆயிற்று? அங்கே நிலைமை கடினம். வளைகோடுகளுக்கு மட்டும் 1955-இல் மாட்டக் என்ற கணிதர் தந்த விடையிலிருந்து படம் தெளிவாகிவிட்டது: கொஞ்சம் கூழாங்கல், அதோடு 7-ஆல் மட்டும் வகுபட மறுக்கும் மெல்லிய மணல். பரப்புகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும், மணலைச் சலித்து எடுத்த பின் மிஞ்சுவது தண்ணீரும் முடிவுறு கற்களும்தான் என்று கோலியோ-தெலேன் ஊகித்தார். சில வகை வடிவங்களுக்கு நிறுவியிருக்கிறார்கள். பொதுவாக இன்றுவரை யாரும் நிறுவவில்லை. அந்தப் பக்கம் இன்னும் ஆணியில் தொங்குகிறது. கடைசி வரியில் மிச்சம் எழுதப்படவில்லை.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்டீர்கள். கேள்வி இருப்பவர்கள் முன்னால் வாருங்கள். வெண்பலகையும் இருக்கிறது, கடைசி ரயிலுக்கு நேரமும் இருக்கிறது.